டிரைவர் இல்லாத கார்... பிரேக் யார் கையில்?

ஆண்டு 2015. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர நெடுஞ்சாலையில், மணிக்கு சுமார் 110 கி.மீ வேகத்தில் ஒரு ஜீப் செரோக்கி போய்க்கொண்டிருக்கிறது. திடீரென ஏ.சி முழு வேகத்தில் வீசுகிறது. ரேடியோ அலறுகிறது. வைப்பர் தானாக ஆடுகிறது. கடைசியில், ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி வேகம் எடுக்கவே இல்லை!

பேய் இல்லை பாஸ். சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரண்டு பாதுகாப்பு ஆய்வாளர்கள், சுமார் 16 கி.மீ தள்ளி ஒரு வீட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்து பார்த்த வேலை இது. காரை ஓட்டிய பத்திரிகையாளரிடம் முன்பே சொல்லிவிட்டுச் செய்த சோதனைதான். ஆனாலும் விஷயம் வெளியே வந்ததும், ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் 14 லட்சம் வாகனங்களுக்கு ரீகால் அறிவித்தது.

எப்படி நுழைஞ்சாங்க?

பாட்டு, மேப் காட்டும் டச் ஸ்க்ரீன் மொபைல் நெட்வொர்க்கில் இணைந்திருந்தது. அதுதான் வாசல். பிரேக், இன்ஜின் போன்றவற்றைக் கவனிக்கும் குட்டி கம்ப்யூட்டர்கள், 'கேன் பஸ்' என்ற பொது லைனில் பேசிக்கொள்ளும். 1980-களில் உருவான அந்த லைனுக்கு, கட்டளை போடுவது யார் என்று சரிபார்க்கத் தெரியாது. திண்ணையில் உட்கார வந்தவர், பீரோ சாவியை எடுத்த கதைதான்.

செல்ஃப் டிரைவிங் கார்ல என்ன கூடுதல் ரிஸ்க்?

அந்த ஜீப்பில் ஸ்டீயரிங்கைப் பிடிக்க ஓர் ஆள் இருந்தார். ஃபீனிக்ஸ், சான் ஃபிரான்சிஸ்கோவில் ஓடும் வேமோ ரோபோ டாக்ஸியில் டிரைவர் சீட்டே காலி!

இந்த கார்களை ஏமாற்ற ஹேக்கிங்கூடத் தேவையில்லை. 2019-ல் டென்சென்ட்டின் கீன் லேப், தரையில் சில ஸ்டிக்கர்களை ஒட்டியே டெஸ்லாவின் ஆட்டோபைலட்டை எதிர் லேனுக்குத் திருப்பிக் காட்டியது. 2023-ல் சான் ஃபிரான்சிஸ்கோ போராட்டக்காரர்கள் பானெட் மேல் டிராஃபிக் கோனை வைத்தார்கள். ரோபோ டாக்ஸிகள் அப்படியே நின்றன.

யாரும் ஏமாற்றாமலேயே தப்பும் நடக்கும். 2018-ல் அரிசோனாவின் டெம்பி நகரில், சைக்கிளைத் தள்ளியபடி சாலையைக் கடந்த பெண் மீது உபரின் சோதனை கார் மோதியது. அவர் இறந்துபோனார். 5.6 விநாடிகளுக்கு முன்பே சென்சார் அவரைக் கண்டுவிட்டது. வாகனமா, சைக்கிளா, வேறு ஏதாவதா என்று சாஃப்ட்வேர் குழம்பிக்கொண்டே இருந்தது. கண்காணிக்க வேண்டியவரின் கண்ணோ மொபைலில்!

நீங்க என்ன செய்யலாம்?

* கார் கேட்கும் சாஃப்ட்வேர் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீங்க.
* கார் ஆப்புக்குத் தனி பாஸ்வேர்டு வைங்க.
* பழைய கார் வாங்கினால், முந்தைய ஓனரின் கணக்கை நீக்கச் சொல்லுங்க. விற்கும்போது உங்கள் டேட்டாவை அழிச்சிடுங்க.
* லேன் அசிஸ்ட் இருந்தாலும், கை ஸ்டீயரிங்கில், கண் ரோட்டில்.

புது கார் வாங்கும்போது 'மைலேஜ் எவ்வளவு?' என்று கேட்பீங்கல்ல? கூடவே, 'எத்தனை வருஷத்துக்கு சாஃப்ட்வேர் அப்டேட் தருவீங்க?' என்றும் கேளுங்க.