லாங்டேல் சபையார்

'மிசிசிப்பி பர்னிங்' என்ற ஆங்கிலப் படம் 1988-இல் வந்தது. நம் வயதுக்காரர்கள் சிலராவது பார்த்திருப்பீர்கள். ஆரம்பத்திலேயே ஒரு சர்ச் எரியும். பிறகு மூன்று இளைஞர்கள் காணாமல் போவார்கள், எஃப்.பி.ஐ. அதிகாரிகள் வருவார்கள், படம் அவர்கள் பின்னாலேயே போய்விடும். அந்த மாதிரி ஓர் ஆலயத்தில் ஞாயிறுதோறும் கூடிய ஜனங்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று படம் சொல்லாது. எனக்கு அவர்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள மிசிசிப்பி மாநிலத்தில் நெஷோபா என்று ஒரு கவுன்டி. அதன் தலைமை ஊர் ஃபிலடெல்பியா. பெரிய ஃபிலடெல்பியா அல்ல, இது சின்ன ஊர். 'சகோதர சிநேகம்' என்று பொருள் சொல்லுவார்கள். 1964-இல் அந்த ஊரில் அந்தப் பெயருக்கு வேலையில்லாமல் இருந்தது.

ஊருக்குச் சில மைல் கிழக்கே லாங்டேல் என்ற கிராமம். கறுப்பின விவசாயிகள் வாழும் இடம். ஒரு விசேஷம், அவர்களில் பலருக்குச் சொந்த நிலம் இருந்தது. அன்றைய மிசிசிப்பியில் கறுப்பினத்தவர் பெரும்பாலும் வெள்ளைக்காரர் நிலத்தில் வாரத்துக்கு உழுதவர்கள். முதலாளி முகம் சுளித்தால் குடிசையைக் காலி செய்ய வேண்டியதுதான். சொந்தக் காணி உள்ளவனுக்குக் கொஞ்சம் நிமிர்ந்து நிற்க முடியும். அவர்களுடைய ஆலயம்தான் மவுண்ட் சீயோன் மெத்தடிஸ்ட் ஆலயம்.

அந்த மாநிலத்தில் ஓட்டுப் போட வயதுவந்த கறுப்பினத்தவர் நூறு பேரில் ஏழு பேர் பெயர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. அரசியல் சட்டத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து விளக்கம் எழுதச் சொல்வார்கள். எழுதியது சரியா தப்பா என்று தீர்மானிப்பது வெள்ளைக்கார அதிகாரி. இதற்கு ஜனங்களைத் தயார் செய்யக் கோடையில் 'சுதந்திரப் பள்ளிகள்' நடத்துவது என்று சிவில் உரிமை இயக்கத்தார் திட்டமிட்டார்கள். 1964 மே 31-ஆம் தேதி மைக்கேல் ஷ்வெர்னர், ஜேம்ஸ் சேனி என்ற இரு வாலிபர்கள் மவுண்ட் சீயோனுக்கு வந்து, பள்ளி நடத்த ஆலயத்தைத் தர முடியுமா என்று சபையாரிடம் கேட்டார்கள். சபையார் சம்மதித்தார்கள்.

சம்மதித்தால் என்ன நடக்கும் என்று தெரியாத ஜனங்கள் அல்ல அவர்கள். கூ க்ளக்ஸ் கிளான் அந்த வட்டாரத்தில் யார் யார் என்பதுகூடப் பலருக்குத் தெரிந்திருக்கும். அதனால் இந்தச் சரித்திரத்தில் முதல் தைரியம் அந்தச் சம்மதம் என்றே நான் நினைக்கிறேன்.

ஜூன் 16, செவ்வாய் இரவு. ஆலயத்தில் கமிட்டிக் கூட்டம் முடிந்து, பத்துப் பேர் போல வெளியே வந்தார்கள். துப்பாக்கியோடு கிளான் ஆட்கள் வழிமறித்தார்கள். அவர்கள் தேடி வந்தது ஷ்வெர்னரை. அவர் அன்று ஒஹாயோ மாநிலத்தில், கோடைப் பணிக்கு வரும் மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். ஆள் கிடைக்காத கோபத்தில் சபையாரை அடித்தார்கள். கோல் என்ற பெரியவருக்கு விழுந்த அடியில் தாடை உடைந்தது. அவர் மனைவி, ஜெபம் பண்ண விடுங்கள் என்று கேட்டு, சார்லஸ் வெஸ்லியின் பழைய ஞானப்பாட்டு வார்த்தைகளைச் சத்தமாகச் சொல்லி ஜெபித்தார். அதைக் கேட்டதும் ஒருவன் இவர்களை விட்டுவிடுங்கள் என்றான். அடி நின்றது. ஆனால் அன்றிரவே ஆலயத்துக்குத் தீ வைத்தார்கள். விடிந்தபோது சாம்பல்தான் மிச்சம்.

செய்தி கேட்டு ஷ்வெர்னரும் சேனியும் திரும்பி வந்தார்கள். கூடவே ஆண்ட்ரூ குட்மன் என்ற இருபது வயது கல்லூரி மாணவன். அந்த மாநிலத்துக்கு வந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. ஜூன் 21 ஞாயிற்றுக்கிழமை, சாம்பல் மேட்டைப் பார்த்து, அடிபட்டவர்களை விசாரித்துவிட்டுத் திரும்பும் வழியில் துணை ஷெரீப் கைது செய்தான். இரவு விடுதலை செய்து, பின்தொடர்ந்து பிடித்து, கொலைகாரர் கையில் ஒப்படைத்தான். 44 நாள் கழித்து ஒரு மண் அணைக்கடியில் மூவர் உடலும் கிடைத்தன. எஃப்.பி.ஐ. இந்த வழக்குக்கு வைத்த 'மிபர்ன்' என்ற குறிப்பெயர் மிசிசிப்பியும் எரிப்பும் சேர்ந்தது. அதாவது வழக்கின் பெயரிலேயே இந்த ஆலயம் இருக்கிறது.

தங்களை நலம் விசாரிக்க வந்த பிள்ளைகள் செத்துப்போனார்கள். அந்தப் பாரத்தோடு சபையார் அடுத்த ஞாயிறுகளை எப்படிக் கழித்தார்களோ! ஆகஸ்ட் மாதம் எரிந்த இடத்திலேயே நினைவுக் கூட்டம் நடந்தது. இனி எங்கள் பக்கம் வராதீர்கள் என்று சொல்லியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர்கள் சொல்லவில்லை. 1966-இல் அதே இடத்தில் செங்கல்லால் புது ஆலயம் எழுந்தது.

ஒன்று கவனிக்க வேண்டும். ஃபிலடெல்பியா ஊருக்குள் வெள்ளைக்கார மெத்தடிஸ்ட் சபையும் இருந்தது. ஒரே வேதம், ஒரே ஞானப்பாட்டு. ஆனால் 1939 முதல் 1968 வரை அமெரிக்க மெத்தடிஸ்ட் திருச்சபை கறுப்பினச் சபைகளைத் தனி நிர்வாகப் பிரிவாகவே ஒதுக்கி வைத்திருந்தது. அந்த வெள்ளைக்காரச் சபையில் ஃப்ளாரன்ஸ் மார்ஸ் என்ற பெண்மணி உண்மையைப் பேசினார்; அதற்காக அவருடைய மாட்டுச்சந்தைத் தொழிலைக் கிளான் பகிஷ்கரித்தது. ஞாயிறு பள்ளியில் பாடம் எடுப்பதையும் விட வேண்டி வந்தது.

மாநில அரசு கொலை வழக்கே போடவில்லை. மத்திய அரசு போட்ட சதி வழக்கில் 1967-இல் ஏழு பேர் தண்டனை பெற்றார்கள். சதியின் மூளை என்று கருதப்பட்ட எட்கர் ரே கில்லன் தப்பினான். ஜூரிகளில் பதினொரு பேர் குற்றவாளி என்றார்கள். ஒரு பெண்மணி மட்டும், ஒரு பிரசங்கியாரைத் தண்டிக்க என்னால் முடியாது என்றார். ஆம், கில்லன் பாப்டிஸ்ட் பிரசங்கி! மர அறுவை மில்லும் வைத்திருந்தான்.

ஊர் இதைப் பேசாமல் மறக்கப் பார்த்தது. மவுண்ட் சீயோன் மட்டும் ஜூன் மாதம் தோறும் மூவரையும் நினைத்து ஆராதனை நடத்தியது. 25-ஆம் ஆண்டில், 1989 ஜூன் 21 அன்று, மாநிலச் செயலராக இருந்த டிக் மோல்பஸ் அந்த ஆலயத்துக்கு வந்து, இறந்தவர்களின் குடும்பத்தாரிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அவர் ஃபிலடெல்பியாவிலேயே பிறந்தவர், வெள்ளையர். 1995-இல் கவர்னர் தேர்தலுக்கு நின்றபோது எதிராளி அந்த மன்னிப்பையே குற்றமாகச் சொல்லி ஓட்டுக் கேட்டார். மோல்பஸ் தோற்றார்.

கடைசியில் மாநில அரசே வழக்குப் போட்டது. கில்லனுக்கு அப்போது எண்பது வயது. சக்கர நாற்காலியில் கோர்ட்டுக்கு வந்தான். 2005 ஜூன் 21 அன்று தீர்ப்பு. மூன்று உயிருக்கும் இருபது இருபது ஆண்டாக அறுபது ஆண்டு சிறை. 2018-இல் சிறையிலேயே இறந்தான்.

லாங்டேலில் ஆலயத்தின் முன்னால் சேனி, குட்மன், ஷ்வெர்னர் பெயர் பொறித்த கல் நிற்கிறது. சேனி கத்தோலிக்கர், மற்ற இருவரும் நியூயார்க் யூதப் பிள்ளைகள். மூவரில் ஒருவரும் மெத்தடிஸ்ட் இல்லை.