சத்தம் போடாத டேப்பெட்

என் தாய்மாமா திருச்சி ஜங்ஷனில் பெட்ரோல் அம்பாசிடர் டாக்ஸி ஓட்டினார். 2001 கோடையில், சென்னையிலிருந்து திரும்பும் வழியில் வண்டி இழுக்க மறுத்தது. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் ஒரு எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு கருகி, பிறை வடிவத்தில் தின்னப்பட்டிருந்தது. எட்டு மாதம் முன்னால்தான் பாலக்கரை மெக்கானிக் டேப்பெட் செட் செய்திருந்தார். "டைட்டா வெச்சு வால்வ எரிச்சுட்டான்" என்றார் மாமா. பதினைந்து வருடப் பழக்கம் அன்றோடு முறிந்தது. மெக்கானிக் சொன்னது ஒரே வரிதான்: "கேஜ் போட்டுத்தான்யா வெச்சேன்."

எனக்கு அப்போது பத்து வயது. பிறகு மெக்கானிக்கல் படித்தேன், சாஃப்ட்வேரில் உட்கார்ந்தேன். யார் மீது தப்பு என்ற கேள்வி மட்டும் உள்ளேயே கிடந்தது.

அந்த 1489 சிசி இன்ஜின் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ் வகை. மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரோடு உத்தரபாராவுக்கு வந்து, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கையில் பல பத்தாண்டுகள் ஓடியது. கேம் ஷாஃப்ட் கீழே, வால்வு மேலே, நடுவில் புஷ் ராடும் ராக்கரும். ராக்கர் முனைக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே ஒரு இடைவெளி விட வேண்டும். அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் பதினைந்து பங்கு, கிட்டத்தட்ட 0.38 மில்லிமீட்டர். சூட்டில் வால்வு நீளும். நீள இடமில்லாவிட்டால் அது முழுசாக மூடாது.

செட் செய்யும் முறையில் ஓர் அழகு உண்டு. எட்டு வால்வுகளை முன்னாலிருந்து எண்ண வேண்டும். ஹேண்டில் போட்டு இன்ஜினைச் சுற்றி, எட்டாவது வால்வு முழுசாகத் திறந்து நிற்கும்போது ஒன்றாவதைச் செட் செய்யலாம். ஆறு திறந்தால் மூன்று. நாலு திறந்தால் ஐந்து. எப்போதும் கூட்டினால் ஒன்பது. அல்காரிதம் என்ற சொல்லைக் கேள்விப்படும் முன்பே நான் பார்த்த முதல் அல்காரிதம் இதுதான். ஃபில்லர் கேஜ் தகட்டை நுழைத்து, லேசாகப் பிடிக்கிற மாதிரி ஸ்க்ரூவைத் திருப்பி, லாக் நட்டை முறுக்கி, மறுபடி தகட்டை விட்டுப் பார்க்க வேண்டும். நட்டை முறுக்கும்போது அளவு நகர்ந்துவிடும் என்பதால் அந்த 'மறுபடி' முக்கியம்.

நிறைய ஓடிய வண்டியில் இன்னொரு வில்லங்கம். ராக்கரின் முனை தேய்ந்து அங்கே ஒரு சின்னக் குழி விழுந்திருக்கும். தட்டைத் தகடு அந்தக் குழியின் இரு கரைகளிலும் பாலம் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். கேஜ் பதினைந்து என்று சொல்லும், நிஜத்தில் அதைவிட அதிகம் இருக்கும். அது டக் டக்கென்று சத்தம் போடும். காதுக்கு எரிச்சல், சக்தியும் கொஞ்சம் போகும். ஆனால் வால்வு எரியாது. பழைய மெக்கானிக்குகள் சத்தம் போடுற டேப்பெட்டைக் கண்டு பயப்படுவதில்லை. இடைவெளி குறைந்தால்தான் ஆபத்து, அதற்குச் சத்தமே கிடையாது. சொல்லப்போனால் இன்ஜின் முன்னைவிட அமைதியாக ஓடும், ஓட்டுகிறவருக்குச் சந்தோஷமாக இருக்கும். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் சீட்டில் உட்காரும் அந்தக் கணங்களில்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. 3000 ஆர்பிஎம்மில் நொடிக்கு இருபத்தைந்து தடவை. அந்த உட்காரல் கெட்டால் விளிம்பு எரியத் தொடங்கும்.

சரி, இடைவெளி தானாக ஏன் குறைய வேண்டும்? இதற்கு அமெரிக்காவின் டேட்டன் நகரத்துக்குப் போக வேண்டும்.

1921 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸின் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி டெட்ராஎத்தில் லெட் என்ற ஈயச் சேர்மம் இன்ஜினின் நாக்கிங்கை அடக்குவதைக் கண்டார். 1923 பிப்ரவரியில் அதே டேட்டனில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் ஐந்து தொழிலாளர்கள் ஈய விஷத்தால் செத்தார்கள். அதன் பிறகும் அது உலகம் முழுக்கப் பரவியது.

யாரும் அதை வால்வுக்காகச் சேர்க்கவில்லை. ஆரம்பத்தில் ஈயப் படிவு வால்வையும் பிளக்கையும் கெடுக்கவே செய்தது. படிவை ஆவியாக்கி வெளியேற்ற எத்திலீன் டைப்ரோமைடைக் கூடவே கலந்தார்கள். மிஞ்சிய மெல்லிய பூச்சு எக்ஸாஸ்ட் வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவே மெத்தை போல் நின்றது. அது இல்லாவிட்டால், அதிக வேகத்திலும் பாரத்திலும் இரண்டு சூடான உலோகப் பரப்புகள் நுண்ணிய புள்ளிகளில் ஒட்டி ஒட்டிப் பிய்ந்துவரும். சீட் தேயும், வால்வு மேல்நோக்கிப் புதையும், தண்டின் முனை ராக்கரை நெருங்கும். இடைவெளி மூடிக்கொள்ளும்.

காடலிடிக் கன்வெர்ட்டரை ஈயம் கெடுக்கும் என்பதால் அமெரிக்கக் கம்பெனிகள் முன்கூட்டியே தயாராயின. ஜெனரல் மோட்டார்ஸ் 1971 மாடல்களையே ஈயமில்லாப் பெட்ரோலுக்குத் தோதாக வடிவமைத்தது. பி-சீரிஸ் ஹெட்டிலோ சீட் என்று தனியாக எதுவும் கிடையாது, வார்ப்பிரும்பிலேயே கடைந்தது. இந்தியாவில் 1995 ஏப்ரலில் கன்வெர்ட்டர் பொருத்திய புதுக் கார்களுக்காக நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுக்க அது மட்டும்தான்.

அந்த முடிவில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்தும் இல்லை. குழந்தைகளின் மூளையில் ஈயம் செய்வதற்கு முன்னால் ஒரு அம்பாசிடர் ஹெட் எம்மாத்திரம். ஆனால் வருடத்துக்கு ஒருதடவை டேப்பெட் பார்த்தால் போதும் என்ற மாமாவின் பழக்கம் ஈயத்தின் தயவில் நடந்துகொண்டிருந்தது என்று அவரிடமும் யாரும் சொல்லவில்லை, அந்த மெக்கானிக்கிடமும் யாரும் சொல்லவில்லை. ஆறு பேரை ஏற்றிக்கொண்டு வெயிலில் சென்னைக்கும் திருச்சிக்கும் நாள் தவறாமல் ஓடிய வண்டி. சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை இடைவெளியை அளந்திருந்தால், அது ஒவ்வொரு தடவையும் சுருங்கி வருவது தெரிந்திருக்கும். தெரிந்தால் செய்ய வேண்டியது ஸ்க்ரூவைத் தளர்த்திக்கொண்டே போவதல்ல. ஹெட்டை இறக்கி, லேத்தில் கடினமான சீட் வளையம் பதிக்க வேண்டும். கேஸில் ஓடும் பழைய வண்டிகளுக்கு இதே நோய் இன்றும் உண்டு. பெட்ரோல் வண்டிக்குப் பழகிய கணக்கை அவற்றுக்குப் போடக்கூடாது.

இதெல்லாம் கோர்ட்டில் நிற்காது. ஹெட்டை எப்போதோ காயலான் கடையில் போட்டாயிற்று. புதைந்த சீட்டை நான் அளந்து பார்க்கவில்லை. ஆனாலும் டைட்டாக வைத்த வால்வு எட்டு மாதம் நெடுஞ்சாலையில் தாங்கியிருக்கும் என்று நம்ப முடியவில்லை. சரியாக வைத்தது மெல்ல மெல்ல மூடிக்கொண்டது என்பதே பொருந்துகிறது.

போன பொங்கலுக்குப் போயிருந்தபோது மாமாவிடம் காகிதத்தில் படம் போட்டு விளக்கினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"அப்ப அவரு கேஜ் போட்டுத்தான் வெச்சிருக்காரு."

"ஆமா மாமா, அப்படித்தான் தோணுது."

அவன் அவராகிவிட்டதைக் கவனித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "பாலக்கரைல அந்த ஷெட்டு இன்னும் இருக்கா மாப்ள?" என்று கேட்டார். அந்த இடத்தில் இப்போது செல்போன் கடை என்று சொன்னேன். "வீடு எடத்தெருவுலதான்" என்று சொல்லிக்கொண்டே எழுந்து சட்டையைத் தேடினார்.