கதண்டைக் கண்டவர் சொன்ன சேதி



கடல் கடந்து போன கதண்டுகளின் கதை இரண்டு உண்டு. இரண்டின் முடிவும் வேறு வேறு.

முதலாவது பிரான்சில் நடந்தது. சீனாவிலிருந்து கப்பலில் வந்த மண்பாண்டங்களுக்குள் ஒளிந்து, 2004 வாக்கில் ஆசியக் கதண்டு அங்கே வந்து சேர்ந்தது என்பது ஆய்வாளர்கள் கருத்து. தேன்கூட்டின் வாசலில் பறந்தபடியே காத்திருந்து, திரும்பி வரும் தேனீக்களைப் பிடித்துத் தின்னும் இனம் அது. இன்னதென்று அடையாளம் கண்டபோது அது அங்கே கூடு கட்டி நிலைத்துவிட்டது. 2010-இல் ஸ்பெயின், 2011-இல் போர்ச்சுகல் என்று பரவியது. இன்றுவரை பிரான்சில் ஒழிக்க முடியவில்லை.

இரண்டாவது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில். அங்கே வந்தது வேறு இனம். உலகிலேயே பெரிய கதண்டு. சில டஜன் சேர்ந்தால் ஒரு தேன்கூட்டையே சில மணி நேரத்தில் அழித்துவிடும். 2019 டிசம்பரில், கனடா எல்லையோரம் உள்ள பிளெய்ன் ஊருக்கு அருகே ஒருவர் தம் வீட்டருகே செத்துக் கிடந்த பெரிய கதண்டு ஒன்றைப் பார்த்தார். கூட்டித் தள்ளிவிடாமல் மாநில வேளாண் துறைக்குச் சொன்னார்.

அதன்பின் ஆரஞ்சுச் சாறும் அரிசி மதுவும் ஊற்றிய பொறிகளை அதிகாரிகளும் பொதுமக்களும் வைத்தார்கள். உயிரோடு பிடிபட்ட கதண்டின் உடம்பில் குட்டி ரேடியோ கருவியை நூலால் கட்டிப் பறக்கவிட்டு, பின்தொடர்ந்து போனார்கள். 2020 அக்டோபரில் ஒரு மரப்பொந்தில் கூடு அகப்பட்டது. உள்ளே புழு, கூட்டுப்புழு எல்லாம் சேர்த்துச் சுமார் 500; அவற்றில் ஏறக்குறைய 200 ராணிகள். ஒவ்வொரு ராணியும் அடுத்த வசந்தத்தில் தனிக்கூடு கட்டக்கூடியது என்பதை நினைத்துப் பாருங்கள்!

2021-இல் மேலும் மூன்று கூடுகள் அழிக்கப்பட்டன. அதன்பின் ஒன்றுகூடத் தென்படாததால், 2024 டிசம்பரில் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். உறுதியான தகவல்களில் பாதி பொதுமக்கள் தந்தவை. நான்கு கூடுகளுக்கும் வழிகாட்டியவை நேராகவோ சுற்றியோ அவர்கள் சொன்ன சேதிகளே.

பிரான்சில் பரவிய அதே இனம் 2023-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலும் தென்பட்டது. முதலில் சொன்னவர் ஒரு தேனீ வளர்ப்பவர்.

வெளிநாடுகளில் இருக்கும் என் பிள்ளைகளே, புதிதாக ஒரு கதண்டைக் கண்டால் எட்ட நின்று படம் எடுங்கள். இடத்தையும் நாளையும் குறித்து அங்குள்ள வேளாண் துறைக்கு அனுப்புங்கள். கூட்டை நீங்களே கலைக்கப் போகாதீர்கள். வேறு பூச்சியாக இருந்துவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. சொல்லாமல் விட்டால் என்னாகும் என்பதற்குப் பிரான்ஸ் இருக்கிறது.