ஸ்பேம் வடிகட்டியின் வரலாறு

மின்னஞ்சலைக் கணினி விட்டுக் கணினி கொண்டுசெல்லும் எஸ்எம்டிபி நெறிமுறையை ஜான் போஸ்டெல் 1982 ஆகஸ்டில் எழுதி வெளியிட்டார். அனுப்புபவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது உண்மைதானா என்று சோதிக்கும் ஏற்பாடு எதுவும் அதில் இல்லை. அன்றைய வலையமைப்பில் இருந்தவர்கள் பல்கலைக்கழகத்தாரும் ஆய்வகத்தாரும்தான். பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். தனக்குத் தொடர்பில்லாத கடிதம் வந்தாலும் அதை வாங்கி உரிய இடத்துக்கு அனுப்பிவைப்பதே ஒரு சர்வரின் நல்ல பழக்கமாகக் கருதப்பட்டது. இத்தனைக்கும் 1975 நவம்பரிலேயே போஸ்டெல் ஒரு சிறு குறிப்பில் இந்த ஆபத்தைத் தொட்டிருந்தார். இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் ஒரு கணினி தனக்கு வேண்டாத செய்திகளை மட்டும் மறுக்க வழியில்லை என்பது அந்தக் குறிப்பின் சாரம். குறிப்பு கோப்பில் இருந்தது; ஏழாண்டு கழித்து வந்த நெறிமுறையில் அதற்குத் தீர்வு இல்லை.

இடையில், 1978 மே மாதத்தில், டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனின் விற்பனையாளர் கேரி துவெர்க் தம் நிறுவனத்தின் புதிய கணினிகளைக் காட்டக் கலிபோர்னியாவில் நடக்கவிருந்த செயல்விளக்கத்துக்கு வருமாறு ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே அழைப்பை அனுப்பினார். முகவரிகள் அச்சிட்ட அடைவிலிருந்து எடுத்துத் தட்டச்சு செய்யப்பட்டவை. பெறுநர் பகுதியில் அத்தனையும் கொள்ளாமல் மிச்சம் கடிதத்தின் உடலுக்குள் வழிந்தன. வலையமைப்பை நிர்வகித்தவர்கள் கண்டித்தார்கள். அத்துடன் பல ஆண்டுகள் அமைதி. அந்த அமைதிக்குக் காரணம் தடுப்பு முறை எதுவும் அல்ல. வலையமைப்பில் வணிகத்துக்கு இடமில்லை என்ற விதியும், மீறினால் கணக்குப் பறிபோகும் என்ற பயமும் போதுமானவையாக இருந்தன.

1990களில் வணிக இணையம் வந்தது. விதியும் போயிற்று, பயமும் போயிற்று. 1994 ஏப்ரலில் அரிசோனா மாநிலத்து வழக்கறிஞர் தம்பதி ஒன்று, அமெரிக்க கிரீன் கார்டு குலுக்கலுக்கு விண்ணப்பம் செய்து தருவதாக யூஸ்நெட்டின் ஆயிரக்கணக்கான விவாதக் குழுக்களில் ஒரே விளம்பரத்தைப் போட்டது. கூச்சல் எழுந்தது, ஆனால் விளம்பரம் செய்தவர்கள் வெட்கப்படவில்லை, இப்படி விற்பது எப்படி என்று புத்தகமே எழுதினார்கள். வழி திறந்துவிட்டது, விளம்பரம் சீக்கிரமே அஞ்சல் பெட்டிகளுக்கும் நகர்ந்தது.

காகிதத் தபாலில் தபால்தலையை ஒட்டுபவர் அனுப்புபவர். மின்னஞ்சலில் செலவு தலைகீழ். பத்து லட்சம் கடிதம் அனுப்ப ஒரு கணினியும் ஒரு இணைப்பும் போதும். அவற்றை வாங்கி, வட்டில் வைத்து, வாடிக்கையாளர் கேட்கும்போது எடுத்துக் கொடுக்கும் செலவு இணைய சேவை நிறுவனத்தின் தலையில். தொலைபேசிக் கம்பி வழியே நிமிடக் கணக்கில் காசு கொடுத்து இணைந்த வாடிக்கையாளரோ, தான் கேட்காத விளம்பரம் இறங்கி முடியும்வரை மீட்டரை ஓடவிட்டுக் காத்திருந்தார். பிறகு வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து திட்டினார். ஸ்பேம் என்று பெயர்பெற்ற இந்த வேண்டாத அஞ்சலை ஒழிக்க நிறுவனங்கள் இறங்கியதன் முதல் காரணம் இந்தச் செலவுதான். வாடிக்கையாளரின் மனநிம்மதி பிறகு வந்த காரணம்.

முதல் பெரிய மோதல் இணைய சேவை நிறுவனமான அமெரிக்கா ஆன்லைனுக்கும் (ஏஓஎல்), பிலடெல்பியாவில் சான்ஃபோர்ட் வாலஸ் நடத்திய விளம்பர அஞ்சல் நிறுவனமான சைபர் புரமோஷன்ஸுக்கும் இடையே நடந்தது. 1996இல் அமெரிக்கா ஆன்லைன், விளம்பரம் அனுப்பும் தளங்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றை வைத்து அவற்றின் அஞ்சலைத் தடுத்தது. விளம்பரம் வேண்டும் என்று குறித்துவைத்த சந்தாதாரருக்கு மட்டும் அது போகும். பேச்சுரிமை பறிபோகிறது என்று சைபர் புரமோஷன்ஸ் வாதாடியது. தனியார் நிறுவனம் ஒன்றின் கணினிக்குள் அழைக்காமல் கடிதம் போட அரசியல் சட்டம் உரிமை தரவில்லை என்று அந்த ஆண்டு நவம்பரில் தீர்ப்பு வந்தது. 1997 பிப்ரவரியில், இன்னொரு இணைய சேவை நிறுவனமான கம்ப்யூசர்வ் சைபர் புரமோஷன்ஸ் மேல் தொடுத்த வழக்கில் ஒஹையோ நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், பிறர் உடைமையில் அத்துமீறுவது பற்றிய பழைய சட்டக் கோட்பாட்டை சர்வருக்கும் பொருத்தியது. வாசலில் யாரை விடுவது என்று முடிவுசெய்யும் அதிகாரம் சர்வரின் சொந்தக்காரருக்கு உண்டு என்பது இப்படி நிலைபெற்றது. பின்னாளில் வந்த ஒவ்வொரு வடிகட்டியும் இந்த அதிகாரத்தின் மேல்தான் நிற்கிறது.

அதிகாரம் கிடைத்தாலும் கருவி மொண்ணையாகவே இருந்தது. தளத்தின் பெயரைத் தடுத்தால் அனுப்புபவர் மறுநாள் வேறு பெயரில் வந்தார். பொய்யாக்க முடியாதது ஒன்றே ஒன்று: இணைப்பு எந்த ஐ.பி. முகவரியிலிருந்து வருகிறது என்பது. 1997இல் பால் விக்ஸியும் டேவ் ராண்டும் ஸ்பேம் அனுப்பும் ஐ.பி. முகவரிகளைத் தொகுத்து ஒரு கரும்பட்டியலாகப் பிறருக்கும் கொடுத்தார்கள். விரைவில் அதைக் கேட்டறிய வந்த டிஎன்எஸ் முறை இன்றுவரை மாறவில்லை. வந்த ஐ.பி. முகவரியின் எண்களைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பி, பட்டியலின் தளப் பெயரோடு சேர்த்து, தளப் பெயர்களுக்கு ஐ.பி. முகவரி சொல்லும் டிஎன்எஸ் அமைப்புக்குச் சாதாரணக் கேள்வியாக அனுப்ப வேண்டும். 127.0.0.2 என்பது போன்ற விடை வந்தால் அந்த முகவரி பட்டியலில் இருக்கிறது. சில மில்லி வினாடிகளில் முடியும் வேலை. கடிதத்தின் ஒரு எழுத்தைக்கூட வாங்க வேண்டியதில்லை. 1998இல் ஸ்டீவ் லின்ஃபோர்ட் தொடங்கிய ஸ்பாம்ஹவுஸ் இதே வழியில் வளர்ந்தது.

கரும்பட்டியலின் குறி ஸ்பேம் அனுப்பியவர்கள் மட்டுமல்ல. யார் கடிதம் கொடுத்தாலும் வாங்கி அனுப்பிய அந்தப் பழைய நல்ல பழக்கத்தைக் கைவிடாத சர்வர்களும் பட்டியலில் ஏறின. தங்கள் கடிதங்கள் எங்கும் போய்ச் சேரவில்லை என்று கண்டபிறகே பல நிர்வாகிகள் அந்தக் கதவை அடைத்தார்கள். தவறில்லாதவர் மாட்டிக்கொள்வதும் உண்டு; பட்டியலில் பெயரைப் போடுபவருக்கு யார் கணக்குக் கேட்பது என்ற சண்டை அப்போதே தொடங்கிவிட்டது. மிக விசித்திரமான வழக்கு அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்தது. 2006இல் ஒரு விளம்பர நிறுவனத்துக்கு ஸ்பாம்ஹவுஸ் 1 கோடியே 17 லட்சம் டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. மேல்முறையீடுகள் முடிந்த 2011இல் அது 3 டாலராகச் சுருங்கியிருந்தது.

வாசலைத் தாண்டி வந்துவிட்ட கடிதத்தை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. இதற்குக் கடிதத்தைத் திறந்து படிக்க வேண்டும். முதலில் வந்தவை கையால் எழுதிய விதிகள். தலைப்பு முழுதும் பெரிய எழுத்தில் இருக்கிறதா, தேதி எதிர்காலத்தில் இருக்கிறதா, இன்ன சொல் வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும். ஒற்றை விதியை நம்பித் தூக்கியெறிவது ஆபத்து என்பதால், 2001இல் ஜஸ்டின் மேசன் வெளியிட்ட ஸ்பாம் அசாஸின் விதிக்கு இத்தனை புள்ளி என்று கூட்டியது. மொத்தம் 5 புள்ளியைத் தொட்டால் ஸ்பேம். நல்ல அறிகுறிகளுக்குப் புள்ளி குறையும். இலவச மென்பொருள் என்பதால் சிறிய இணைய நிறுவனங்களும் அதை நிறுவிக்கொண்டன. குறை என்னவென்றால், விதிகளை எதிராளியும் படிக்கலாம். தன் கடிதத்தை முதலில் அதே மென்பொருளில் ஓட்டிப் பார்த்து, புள்ளி குறையும்வரை திருத்தி அனுப்பலாம்.

2002 ஆகஸ்டில் பால் கிரகாம் எழுதிய ஒரு கட்டுரை விதி எழுதும் வேலையையே தேவையற்றதாக்கியது. ஒருவருக்கு வந்த ஸ்பேம் ஒரு குவியல், நல்ல கடிதம் ஒரு குவியல். ஒவ்வொரு சொல்லும் எந்தக் குவியலில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினால், அந்தச் சொல் இருக்கும் கடிதம் ஸ்பேமாக இருக்கும் நிகழ்தகவு கிடைக்கிறது. புதுக் கடிதத்தில் மிகத் தெளிவாக ஒரு பக்கம் சாயும் 15 சொற்களை எடுத்து, பேய்ஸ் தேற்றத்தின்படி அவற்றை இணைத்தால் முடிவு வந்துவிடும். நல்ல கடிதம் தவறிக்கூட மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக நல்ல குவியலின் எண்ணிக்கையை அவர் இரட்டிப்பாக்கினார். இயந்திரம் கண்டுபிடித்த அறிகுறிகளில் சில மனிதருக்குத் தோன்றவே தோன்றாதவை. பளிச்சென்ற சிவப்பு நிறத்தைக் குறிக்கும் ‘எஃப்எஃப்0000’ என்ற நிறக் குறியீடு, எந்த ஆபாசச் சொல்லுக்கும் குறையாத ஸ்பேம் அடையாளமாக வெளிப்பட்டது. இதே கருத்தை 1998இலேயே மெஹ்ரான் சஹாமி, சூசன் டூமைஸ் முதலியோர் ஆய்வுக் கட்டுரையாகத் தந்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் நிரலாளர்களை அதைக் கையில் எடுக்க வைத்தது கிரகாமின் எளிய நடை.

இந்த முறை ஒருவரின் சொந்தக் கணினியில் அற்புதமாக வேலை செய்தது. லட்சக்கணக்கான வாடிக்கையாளர்களை வைத்திருக்கும் நிறுவனத்திடம் அதே கூர்மை இல்லை. ஒருவருக்குக் குப்பையான மருந்துப் பெயர் இன்னொருவருக்குத் தொழில். வங்கிக் கடன் பற்றிய கடிதம் வங்கி ஊழியருக்கு அன்றாட வேலை. எல்லோருக்கும் பொதுவான ஒரே சொல் கணக்கு யாருக்கும் முழுதாகப் பொருந்தாது. ஆகவே நிறுவனங்கள் அதைப் பல சாட்சிகளில் ஒரு சாட்சியாக மட்டுமே வைத்துக்கொண்டன. எதிராளிகளும் சும்மா இல்லை. சொற்களின் எழுத்தைச் சிதைத்தார்கள், கடிதத்தின் அடியில் நாவல் வரிகளைக் கொட்டிக் கணக்கைக் குழப்பினார்கள், 2006 வாக்கில் விளம்பரத்தையே படமாக்கி அனுப்பினார்கள். படத்தில் எண்ணுவதற்குச் சொல் ஏது?

பெரிய நிறுவனங்களுக்கு வேறொரு வசதி இருந்தது: பரப்பு. ஒரே கடிதம் ஒரே நேரத்தில் ஆயிரம் பெட்டிகளுக்கு வந்தால் அவர்களுக்குத் தெரியும். சான் பிரான்சிஸ்கோவின் பிரைட்மெயில் நிறுவனம் யாரும் பயன்படுத்தாத பொறி முகவரிகளை இணையமெங்கும் தூவிவைத்தது. அவற்றுக்கு வரும் எந்தக் கடிதமும் கேட்டு வாங்கியதாக இருக்க முடியாது. அதன் அடையாளத்தை எடுத்து, வாடிக்கை நிறுவனங்களின் சர்வர்களுக்கு அனுப்பிவிடும். எர்த்லிங்க் போன்ற சேவை நிறுவனங்கள் இதை விலைக்கு வாங்கின. 2004இல் பிரைட்மெயிலையே சிமான்டெக் 37 கோடி டாலருக்கு வாங்கியது. ‘இது ஸ்பேம்’ என்ற பொத்தானும் இதே தர்க்கம்தான். அங்கே பொறியின் வேலையை வாடிக்கையாளர் செய்கிறார்.

2003இல் போர்க்களம் இடம் மாறியது. சோபிக் போன்ற புழுநிரல்கள் வீட்டுக் கணினிகளுக்குள் புகுந்து, உரியவருக்குத் தெரியாமல் அவற்றை ஸ்பேம் அனுப்பும் கூலிப்படையாக்கின. இப்போது இணைய நிறுவனம் காக்க வேண்டியது தன் வாடிக்கையாளரை மட்டுமல்ல. தன் வாடிக்கையாளரிடமிருந்து உலகத்தையும். அமெரிக்க இணைய சேவை நிறுவனமான காம்காஸ்டின் வலையமைப்பிலிருந்து நாளொன்றுக்கு 80 கோடி கடிதங்கள் வெளியேறுவதாகவும், அவற்றில் 10 கோடி மட்டுமே அதன் அதிகாரபூர்வ சர்வர் வழியே போவதாகவும் 2004இல் அந்நிறுவனப் பொறியாளரே சொன்னார். மருந்து எளிது. சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் 25ஆம் போர்ட் என்ற இணைப்பு வாயிலை வீட்டு இணைப்புகளுக்கு மூடிவிடுவது. சொந்தக் கடிதம் அனுப்ப, கடவுச்சொல் கேட்கும் 587ஆம் போர்ட் 1998இலேயே வரையறுக்கப்பட்டிருந்தது. வீட்டில் சொந்தமாக சர்வர் நடத்திய ஆர்வலர்கள் முணுமுணுத்தார்கள். நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போயின. எந்தெந்த ஐ.பி. முகவரிகளிலிருந்து நேரடி அஞ்சலே வரக் கூடாது என்பதை நிறுவனங்களே ஸ்பாம்ஹவுஸிடம் எழுதிக்கொடுக்கும் பட்டியலும் பின்னர் வந்தது.

கூலிப்படைக் கணினிகளுக்கு ஆணையிடும் சர்வர்கள் எவ்வளவு குறைந்த இடங்களில் குவிந்திருந்தன என்பது 2008 நவம்பர் 11 அன்று தெரிந்தது. கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் இருந்த மெக்கோலோ என்ற சேவை நிறுவனத்தின் இணைப்பை, அதற்கு இணைய இணைப்புத் தந்துவந்த நிறுவனங்கள் துண்டித்தன. உலக ஸ்பேம் ஒரே நாளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. சில மாதங்களில் பழைய நிலைக்கு ஏறிவிட்டது என்பது வேறு விஷயம். 2004 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த, ஸ்பேமுக்கு எதிரான அமெரிக்கச் சட்டம் இப்படியொரு சரிவை எப்போதும் உண்டாக்கவில்லை.

இத்தனை அடுக்குகளும் சேர்ந்து ஒரு வரிசையாயின. இணைப்பு வந்ததும் ஐ.பி. முகவரி சோதனை. சில நிறுவனங்கள் 2003இல் இவான் ஹாரிஸ் சொன்ன முறைப்படி, அறிமுகமில்லாத அனுப்புநரிடம் ‘பிறகு வா’ என்று தற்காலிகமாக மறுக்கும்; ஒழுங்கான சர்வர் திரும்பி வரும், அவசரக்கார ஸ்பேம் நிரல் வராது. அடுத்து, பெறுநர் உண்மையில் இருக்கிறாரா என்ற சோதனை. பெரும்பாலானவை இங்கேயே விழுந்துவிடும். மிஞ்சியவற்றுக்குத்தான் செலவு பிடிக்கும் உள்ளடக்கச் சோதனை. இணைப்பு அறுமுன் மறுத்தால் அனுப்பியவருக்குத் தகவல் போகும். வாங்கிவைத்துக்கொண்டு பிறகு திருப்பினால், பொய்யாக எழுதப்பட்ட முகவரிக்குச் சொந்தக்காரரான அப்பாவி ஒருவரின் பெட்டி நிரம்பும். சந்தேகத்துக்குரியதை அழிக்காமல் தனிக் கோப்புறையில் போடும் வழக்கம் சமரசமாக வந்தது. அங்கே போன கடிதத்தை யாரும் பார்ப்பதில்லை என்பது நடைமுறை.

பொய்ப் பெயரில் எழுத முடியும் என்ற மூலக் குறையைத் தொட ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆயிற்று. ஒரு தளத்தின் பெயரில் எந்த ஐ.பி. முகவரிகள் அஞ்சல் அனுப்பலாம் என்று டிஎன்எஸ்ஸில் அறிவிக்கும் எஸ்பிஎஃப் 2006இல் ஆவணமாயிற்று. கடிதத்தில் மறையீட்டுக் கையொப்பம் இடும் டிகிம், யாஹூவின் முயற்சியிலிருந்து வளர்ந்து 2007இல் வந்தது. இவை தவறினால் என்ன செய்யலாம் என்று தளத்தின் உரிமையாளரே சொல்லும் டிமார்க் 2012இல் அறிவிக்கப்பட்டது. இவை எதுவும் ஸ்பேமைப் பிடிப்பதில்லை. ஸ்பேம் அனுப்புபவரும் தன் பெயரில் கையொப்பமிடலாம். அவை தருவது ஒரு நிலையான பெயரை. பெயர் நிலைத்தால் அதன் மேல் நற்பெயரோ கெட்டபெயரோ சேரும். கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, எழுதியவர் இதுவரை எப்படி நடந்துகொண்டார் என்பதே கனமான சாட்சியாயிற்று.

நற்பெயரைக் கணக்கிடக் கோடிக்கணக்கான பெட்டிகள் வேண்டும். அந்தப் பரப்பு இல்லாத இணைய சேவை நிறுவனங்களுக்கு அஞ்சல் பெட்டி நடத்துவதே சுமையாயிற்று. வெரைசன் 2017இல் தன் வாடிக்கையாளர்களின் அஞ்சலை ஏஓஎல்லிடம் தள்ளிவிட்டது; காக்ஸ் 2024இல் யாஹூவிடம் ஒப்படைத்தது. அதே ஆண்டு பிப்ரவரி முதல், மொத்தமாக அஞ்சல் அனுப்புபவர்கள் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் வைத்திருக்க வேண்டும், ஒரே சொடுக்கில் விலக வழி தர வேண்டும் என்று கூகுளும் யாஹூவும் விதித்தன. கூகுளின் கணக்கில், ஜிமெயில் பெட்டிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 கடிதம் அனுப்புபவர் மொத்த அனுப்புநர் ஆகிறார். அவர்மேல் வரும் ஸ்பேம் புகார் 0.3 விழுக்காட்டைத் தொடக் கூடாது.