ஜெசி ஜாக்சனின் 1988 குடியரசுத் தலைவர் வேட்பாளர் போட்டி

ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பினக் குடியுரிமைத் தலைவரும் பாப்டிசுட்டு சபைப் போதகருமான ஜெசி ஜாக்சன், சனநாயகக் கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளராகத் தேர்வு பெற 1988 இல் மேற்கொண்ட முயற்சியே ஜெசி ஜாக்சனின் 1988 போட்டி ஆகும். கட்சித் தலைமையின் ஆதரவின்றி, வேலையிழந்த தொழிலாளர்களையும் கடனில் மூழ்கிய உழவர்களையும் இன வேறுபாடு கடந்து ஒரே அணியில் திரட்ட முயன்றது இதன் தனித்தன்மை. ஏறத்தாழ 69 இலட்சம் வாக்குகள் பெற்ற ஜாக்சன், மைக்கேல் டுகாகிசுக்கு அடுத்து இரண்டாம் இடத்தை அடைந்தார்.

பின்னணி

அமெரிக்காவில் ஒரு கட்சியின் வேட்பாளரைக் கட்சி மேலிடம் அறிவிப்பதில்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் நடைபெறும் முதல்நிலைத் தேர்தல்களிலோ, காக்கசு எனப்படும் கட்சிக் கூட்டங்களிலோ சாதாரண வாக்காளர்களே பேராளர்களின் பங்கை முடிவு செய்கின்றனர். தலைமை விரும்பாத ஒருவரும் களத்தில் நிலைக்க இம்முறை இடமளிக்கிறது.

1980களில் வடக்கு மாநிலங்களின் ஆலைகள் பல மூடப்பட்டன. நெடுங்காலம் சனநாயகக் கட்சிக்கு வாக்களித்து வந்த வெள்ளையினத் தொழிலாளர்களில் பலர் ரொனால்டு ரேகன் பக்கம் சாய்ந்தனர். வாகனத் தொழிலாளர்கள் நிறைந்த மிச்சிகனின் மக்கோம்பு கவுண்டி இதற்கு அடிக்கடி காட்டப்படும் சான்று. 1960 இல் கென்னடிக்குப் பெரும் ஆதரவளித்த அப்பகுதி, 1984 இல் ரேகனுக்கு ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு வாக்குகளை அளித்தது. இவர்களை மீட்கக் கட்சி மிதவாதப் பாதைக்குத் திரும்ப வேண்டும் எனத் தென்மாநிலத் தலைவர்கள் கருதினர். ஜாக்சனின் விடை இதற்கு நேர் எதிரானது.

பரப்புரை

1984 போட்டியில் ஜாக்சன் பெற்ற சுமார் 33 இலட்சம் வாக்குகளில் பெரும்பகுதி கறுப்பினத்தவருடையவை. அடுத்த முறை அவர் தம் அயோவா மாநிலத் தலைமையகத்தை ஏறத்தாழ 2,000 பேர் மட்டுமே வாழ்ந்த, கிட்டத்தட்ட முழுவதும் வெள்ளையர் ஊரான கிரீன்ஃபீல்டில் அமைத்தார். உழவர்களின் நிலங்கள் கடனுக்காக ஏலத்துக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. அயோவாவில் அவர் நான்காம் இடமே பெற்றார். எனினும் 1984 ஐ விட அவரது பங்கு பன்மடங்கு கூடியிருந்தது.

மேய்ன் மாநிலத்தின் ஜே என்னும் சிற்றூரில், இன்டர்நேசனல் பேப்பர் நிறுவனத்தின் காகித ஆலைத் தொழிலாளர்கள் சுமார் 1,200 பேர் 1987 சூனில் வேலைநிறுத்தத்தைத் தொடங்கினர். நிறுவனம் அவர்களுக்குப் பதிலாக நிரந்தரமாகவே வேறு ஆட்களை அமர்த்தியது. ஜாக்சன் அங்குச் சென்று அவர்களிடையே பேசினார். 1988 பெப்ரவரியில் நடைபெற்ற மேய்ன் காக்கசில் அவர் இரண்டாம் இடம் பெற்றார். கறுப்பின மக்கள் மிகக் குறைவான மாநிலம் இது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 1988 அக்டோபரில் வேலைநிறுத்தம் முடிவுக்கு வந்தபோது, பெரும்பாலோருக்குப் பழைய வேலை காத்திருக்கவில்லை.

தொழிலாளர் வாக்குகளுக்குப் போட்டியாளர் ரிச்சர்டு கெப்பார்ட்டும் குறிவைத்தார். அமெரிக்கக் கார்களுக்குத் தென் கொரியா விதிக்கும் வரிகளைச் சாடும் அவரது தொலைக்காட்சி விளம்பரம் பெயர் பெற்றது. வேலைகளைப் பறிப்பவர் ஆசியத் தொழிலாளர் அல்லர், குறைந்த கூலி தேடி ஆலைகளை வெளிநாட்டுக்கு நகர்த்தும் அமெரிக்க நிறுவனங்களே என்பது ஜாக்சனின் வாதம்.

மிச்சிகனும் விசுகான்சினும்

மார்ச் 8 அன்று ஒரே நாளில் பல மாநிலங்களில் நடைபெற்ற 'சூப்பர் டியூசுடே' தேர்தல்களில் ஜாக்சன் ஐந்து தென்மாநிலங்களை வென்றார். மிதவாதி ஒருவருக்குச் சாதகமாக அமைக்கப்பட்ட நாள் அது என்பது நகைமுரண். மார்ச் 26 அன்று மிச்சிகனில் பாதிக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்று டுகாகிசைத் தோற்கடித்தார். கெப்பார்ட்டு ஓரிரு நாட்களில் விலகினார். ஆனால் மிச்சிகனில் நடந்தது கட்சியே நடத்திய வாக்கெடுப்பு. அதில் கலந்துகொண்டோர் சுமார் இரண்டு இலட்சம் பேர் மட்டுமே. நவம்பர் பொதுத் தேர்தலில் அங்கு வாக்களித்தோர் 36 இலட்சத்துக்கும் மேல். எனவே அம்மாநிலத் தொழிலாளர் அனைவரின் தீர்ப்பாக இதனைக் கொள்வது பொருந்தாது.

உண்மையான சோதனை ஏப்ரல் 5 அன்று விசுகான்சினில் நிகழ்ந்தது. அங்குள்ள கெனோசா நகரின் வாகனப் பொருத்து ஆலையை மூடப்போவதாகக் கிரைசுலர் நிறுவனம் சனவரியில் அறிவித்திருந்தது. சுமார் 5,500 வேலைகள் பறிபோக இருந்தன. ஜாக்சன் அத்தொழிலாளர்களுடன் நின்றார், பெருங்கூட்டங்கள் திரண்டன. ஆயினும் டுகாகிசு ஏறத்தாழ 48 விழுக்காடும் ஜாக்சன் 28 விழுக்காடும் பெற்றனர். கைதட்டிய பலர் வாக்களிக்கவில்லை. அவரால் நவம்பரில் வெல்ல இயலாது என்ற கணிப்பும் இனத் தயக்கமும் எந்த அளவில் இதற்குக் காரணம் என்பதில் கருத்து வேறுபாடு உள்ளது. நியூயார்க்கில், 1984 இல் யூதர்களைப் பற்றி அவர் கூறிய இழிசொல் மீண்டும் எழுப்பப்பட்டது. அங்கும் அவர் தோற்றார்.

விளைவுகள்

சூலையில் அட்லாண்டா மாநாட்டில் டுகாகிசு வேட்பாளரானார்; நவம்பரில் சார்ச் புசிடம் தோற்றார். ஜாக்சன் தரப்பு பேச்சுவார்த்தையில் பெற்ற விதிமாற்றமே நீடித்தது. அதன்படி, குறைந்தது 15 விழுக்காடு வாக்குப் பெற்ற வேட்பாளர்களுக்குப் பேராளர்கள் வாக்கு விகிதப்படி பகிர்ந்தளிக்கப்பட்டனர். 2008 இல் பெரிய மாநிலங்கள் பலவற்றை இழந்தும் பராக் ஒபாமா இலரி கிளிண்டனை முந்த இவ்விதி உதவியது.

1988 இல் ஜாக்சனை ஆதரித்தவர்களுள் வெர்மான்ட்டின் பர்லிங்டன் நகர முதல்வர் பெர்னி சாண்டர்சும் ஒருவர். 2016 இல் அவரும் இத்தகைய போட்டியில் இறங்கி, மார்ச் 8 அன்று மிச்சிகன் முதல்நிலைத் தேர்தலில் கருத்துக்கணிப்புகளுக்கு மாறாக வென்றார்.