நாய்க்குக் கிடைத்தது: தொண்டை நாட்டுக் கடற்கரையில் ஒரு தின்பண்ட வரலாறு

மன்னர்களின் விருந்தைப் பற்றி நம்மிடம் ஏராளமான செய்திகள் உண்டு. புலவர்க்குக் கிடைத்த ஊன்சோற்றையும் கள்ளையும் பற்றித் தனி நூல்களே எழுதலாம். அந்த விருந்தின் ஓரத்தில் நின்றிருந்த நாய்க்கு என்ன கிடைத்தது என்று தேடியவர் குறைவு. வீட்டு நாய்க்கு எந்தத் தின்பண்டம் ஏற்றது, எதை மெல்லக் கொடுக்கலாம் என்ற கேள்வியை இன்று கால்நடை மருத்துவரிடமோ கடைக்காரரிடமோ கேட்கிறோம். அதே கேள்வியைச் செங்கல்பட்டு, மாமல்லபுரம் பகுதியின் பழைய நூல்களிடமும் ஊர் வரலாற்றிடமும் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆற்றுப்படைகளில் நாய்

பத்துப்பாட்டுள் இரண்டு நூல்கள் இந்த நிலப்பகுதியைச் சார்ந்தவை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது. அதில் வரும் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகத்தை மாமல்லபுரம் பகுதியோடு பொருத்திக் காட்டும் அறிஞர் உண்டு. நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை, தெற்கே ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடுவது. அதன் எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணம் என்பர்.

இவ்விரு நூல்களையும் வகுப்பில் நடத்தும்போது யாழையும் பரிசிலையும் விரித்துரைத்துவிட்டு நாயைக் கடந்து போய்விடுவது நம் வழக்கம். நின்று பார்த்தால் மூன்று காட்சிகள் கிடைக்கின்றன.

முதலாவது எயினர் குடியிருப்பு. வேட்டுவர் நாய்களோடு புதரைக் கலைத்து முயலை வளைக்கின்றனர். அவர்கள் வீட்டுக்கு வரும் பாணனுக்கு மேட்டுநிலத்து நெல்லின் சிவந்த சோறும், நாய் பிடித்துவந்த உடும்பின் பொரியலும் கிடைக்கும் என்கிறார் புலவர். இங்கே உணவு நாயிடமிருந்து மனிதனுக்குப் போகிறது. பாணனின் இலையில் விழும் கறி, நாயின் உழைப்பு. அந்த நாய்க்கு எஞ்சியது எலும்பும் குடலுமாக இருந்திருக்க வேண்டும். புலவர் அதைச் சொல்லவில்லை.

இரண்டாவது, அதே நூலில் வரும் அந்தணர் இல்லம். சாணத்தால் மெழுகிய தூய வீடு அது. கோழியும் நாயும் அதை நெருங்குவதில்லை. கிளிக்கு அங்கே இடம் உண்டு, நாய்க்கு இல்லை. எயினர் முற்றத்தில் பங்காளியாக இருந்த விலங்கு, சில காதம் தள்ளி வாசலுக்கு அப்பால் நிறுத்தப்படுகிறது.

மூன்றாவது சிறுபாணாற்றுப்படையில் உள்ளது. பாணனின் வறிய அடுக்களையில் ஈன்று சில நாளே ஆன நாய் ஒன்று கிடக்கிறது. கண் திறவாத குட்டிகள் பாலற்ற முலையை இழுக்க, வலி பொறுக்காமல் அது குரைக்கிறது. அந்த வீட்டில் அடுப்பெரிந்து பல நாள் ஆயிற்று என்பதைப் புலவர் நாயின் வழியாகவே உணர்த்திவிடுகிறார். தொல்காப்பிய மரபியல் நாயின் பிள்ளைக்கு வகுத்த பெயர் குருளை. அந்த இலக்கணச் சொல்லுக்குள் இத்தனை பசி அடங்கியிருப்பதை இந்த இடத்தில்தான் நாம் உணர்கிறோம்.

மூன்று காட்சிகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. நாய்க்கு எது ஏற்ற உணவு என்று எவரும் தனியே தேர்ந்தெடுக்கவில்லை. வீட்டில் எது எஞ்சியதோ அதுவே நாயின் உணவு. எஞ்சாத வீட்டில் நாயும் பட்டினி.

மகேந்திரவர்மன் காலத்து இரண்டு நாய்கள்

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு வந்தால், ஒரே பல்லவ மன்னனின் காலத்தில் இரண்டு நாய்களைச் சந்திக்கிறோம்.

ஒன்று கல்லில் நிற்கிறது. இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் கிடைத்த நடுகல், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளின் பொருட்டு நடந்த பூசலில் இறந்துபட்ட வீரனோடு அவனுடைய நாயும் அக்கல்லில் இடம்பெற்றது. கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டே கூறுகிறது.

மற்றொன்று நாடகத்தில் ஓடுகிறது. அம்மன்னனே இயற்றிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ காஞ்சி நகரத் தெருக்களில் நிகழும் அங்கத நாடகம். கபாலி ஒருவனின் மண்டையோட்டுப் பாத்திரம் காணாமற்போகிறது. பௌத்தத் துறவி திருடிவிட்டதாகச் சண்டை மூள்கிறது. பாசுபதன் ஒருவன் பஞ்சாயத்துக்கு வருகிறான். கடைசியில் பாத்திரம் ஒரு பித்தனின் கைக்கு வந்து சேர்ந்தது தெரிகிறது. அவன் அதைப் பெற்றது ஒரு நாயிடமிருந்து. பாத்திரத்தில் சுட்ட இறைச்சி இருந்தது. நாய்க்கு அது போதுமான காரணம். சமயவாதிகள் தத்துவம் பேசி மோதிக்கொண்டிருந்த வேளையில், மெல்லத்தக்க ஓடும் அதனுள்ளே சுவையான ஊனுமாகத் தனக்கேற்ற பண்டத்தைத் தானே தேர்ந்தெடுத்த ஒரே பாத்திரம் அந்த நாய்தான் என்று நாம் நகைச்சுவையாகச் சொல்லலாம்.

நகைச்சுவைக்கு அடியில் ஓர் உண்மையும் உண்டு. நாய்க்கு மெல்லுதல் பசியைக் கடந்த ஒரு தேவை. வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். கடிப்பதும் பிய்ப்பதும் மெல்லுவதும் அதன் பொழுதுபோக்கு, அதன் அமைதி. வயிறு நிறைந்த நாயும் செருப்பைக் கடிப்பது அதனால்தான்.

சோற்றையும் இழிவாக எண்ண வேண்டியதில்லை. மாவுப்பொருளைச் செரிக்க உதவும் அமைலேஸ் நொதிக்குரிய மரபணு, ஓநாயிடம் இருப்பதைவிட நாயிடம் பல மடங்கு படிகளாகப் பெருகியிருப்பதை 2013இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. மனிதனின் தானியத்தை அண்டி வாழ்ந்ததன் தடம் அது. நம் வீடுகளில் நாய்க்கு வைத்த பழஞ்சோற்றுக்கும் இந்த நீண்ட வரலாற்றில் பங்கு உண்டு.

கப்பல் ரொட்டியிலிருந்து பிஸ்கட்

எஞ்சியதைப் போடும் வழக்கம், வாங்கிப் போடும் வழக்கமாக மாறியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். அமெரிக்கரான ஜேம்ஸ் ஸ்பிராட் இடிதாங்கி விற்பதற்காக இங்கிலாந்து சென்றவர். துறைமுகத்தில் மாலுமிகள் எறிந்த கெட்டியான கப்பல் ரொட்டியை நாய்கள் தின்பதைக் கண்டு அவருக்கு யோசனை பிறந்தது என்பர். கோதுமை, காய்கறி, பீட்ரூட், இறைச்சி ஆகியவற்றைக் கலந்து 1860களில் அவர் விற்கத் தொடங்கிய நாய் பிஸ்கட், வேட்டைநாய் வளர்த்த ஆங்கிலக் கனவான்களைக் குறிவைத்தது. அந்நிறுவனத்தில் பணியாற்றிய சார்லஸ் கிரஃப்ட்தான் 1891இல் தன் பெயரால் புகழ்பெற்ற நாய்க் கண்காட்சியைத் தொடங்கியவர். பிஸ்கட்டும் நாயின் குலப்பெருமையும் ஒரே கடையில் விற்கப்பட்டன.

பரங்கிமலையும் பல்லாவரமும் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் படைமுகாம்கள். ஆங்கில அதிகாரிகளோடு அவர்களுடைய நாய்களும் இங்கே வாழ்ந்தன. பிஸ்கட் என்ற சொல் நம் வீட்டு மொழியில் கலந்துவிட்ட பிறகு, நாய்க்குரியதும் மனிதனுக்குரியதும் பிரித்தறியப்படாமல் போயின. இன்று மாமல்லபுரம் கடற்கோயிலுக்கு வரும் பயணி, அருகே வரும் நாய்க்கு நீட்டுவது குழந்தைகளுக்கான குளுக்கோஸ் பிஸ்கட். பைரவர் வாகனம் என்ற பக்தியும் அதே பொட்டலத்தைத்தான் பிரிக்கிறது.

அந்த பிஸ்கட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு சர்க்கரை. மீதியில் பெரும்பகுதி மைதா. ஒரு நாளைய ஆற்றல் தேவையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டமாகப் போகக்கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் பின்பற்றும் பொது விதி. பத்துக் கிலோ எடையுள்ள நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 கலோரி என்று கொண்டால், தின்பண்டத்துக்கு 60. மூன்று பிஸ்கட்டுகளில் அது முடிந்துவிடும்.

பல்லாவரத்துத் தோல்

மெல்லும் பண்டத்தின் வரலாறும் நம் மாவட்டத்தைத் தொட்டுச் செல்கிறது. சென்னைக் கலைப்பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனைகளை நடத்தினார். பின்னர் ஜி. ஏ. சேம்பர்ஸ் பல்லாவரத்தில் நடத்திய குரோம் லெதர் நிறுவனத்தால் அருகிலிருந்த ஊருக்குக் குரோம்பேட்டை என்ற பெயரே நிலைத்தது. 2019 நவம்பரில் உருவான இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்தான் அவ்வூர் இருக்கிறது.

தோல் தொழிலில் மாட்டுத்தோலைக் குறுக்கே பிளப்பதுண்டு. மேலடுக்கு செருப்புக்கும் பைக்கும் போகும். கழித்த சவ்வும் துண்டுகளும் ஒரு காலத்தில் தச்சர் பயன்படுத்தும் வச்சிரமாகவும் ஜெலட்டினாகவும் ஆயின. குரோம் ஏற்றாத கீழடுக்குத் தோலைக் கழுவி, வெளுத்து, சுருட்டி, முடிச்சிட்டு உலர்த்தினால் அதுவே கடைகளில் நாம் காணும் தோல் எலும்பு. எலும்பு போன்ற வடிவம் வாங்குபவரின் கண்ணுக்காக. இதுவும் எஞ்சிய பொருள்தான். முற்றத்தில் எறியப்படாமல் உறைக்குள் வந்திருக்கிறது, அவ்வளவே.

இப்பண்டத்தில் எச்சரிக்கை தேவை. தோல் எளிதில் செரிப்பதில்லை. பெரிய துண்டாக விழுங்கினால் வயிற்றில் ஊறிப் பருத்து, தொண்டையையோ குடலையோ அடைத்துவிடும். மென்று தின்னாமல் விழுங்கும் பழக்கமுள்ள நாய்க்கு இதைத் தவிர்ப்பதே நலம். கொடுத்தால் கண்ணெதிரே கொடுத்து, துண்டு சிறுத்தவுடன் வாங்கிவிட வேண்டும்.

தேர்வு என்பது

எஞ்சியதிலிருந்து வாங்கியதற்கு வந்துவிட்டோம். ஆனால் தேர்வு இன்னும் நாயைப் பார்த்து நடப்பதில்லை. நம் பரிவையும் பணத்தையும் பார்த்தே நடக்கிறது. நாயைப் பார்த்துத் தேர்வதென்றால் முதலில் பல்லைப் பார்க்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் சற்றே பதியாத எதுவும் பல்லுக்குக் கேடு. மான்கொம்பு, குளம்பு, மாட்டுத் தொடையெலும்பு ஆகியவை மேல்தாடையின் பெரிய கடைவாய்ப் பல்லைப் பிளந்துவிடக் கூடியவை. பால்பல் விழும் நாலைந்து மாதக் குட்டிக்கு மெதுவான பண்டமே தகும். வயதான நாய்க்கும் அப்படியே. எந்த மெல்லும் பண்டமும் நாயின் வாய்க்குள் முழுதாக நுழையாத அளவில் இருக்க வேண்டும்.

அடுத்து வயிறு. கிழக்குக் கடற்கரைச் சாலை உணவகங்களின் பின்புறம் கொட்டப்படும் பிரியாணி எலும்பு வெந்தது; வெந்த எலும்பு ஊசியாகச் சிதறும். வெங்காயமும் பூண்டும் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைத் தாக்கும். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமினும், சர்க்கரையில்லாத மிட்டாய்களில் சேர்க்கும் சைலிட்டாலும் நாய்க்கு நஞ்சு. சதுரங்கப்பட்டினம், கொக்கிலமேடு, தேவனேரி போன்ற குப்பங்களில் நாய் தின்னும் மீன் நல்ல உணவே. ஆயினும் உப்பேறிய கருவாடு தின்பண்டமாகாது. வலையிலிருந்து மணலில் எறியப்படும் பேத்தை மீன் உயிரையே கொல்லும்.

ஏற்றவையும் அருகிலேயே உள்ளன. உப்பிடாமல் வேகவைத்து முள் நீக்கிய மீன், உப்பும் மசாலாவும் சேராத கோழிக்கறித் துணுக்கு, வேகவைத்த பூசணி, சர்க்கரைவள்ளி, கேரட் துண்டு ஆகியவை விலை குறைந்தவை. உறையில் அச்சிட்ட எதற்கும் இவை குறைந்தவை இல்லை.

தெருநாய்களைப் பொறுத்தவரை கேள்வி இன்னும் கூர்மையானது. 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் உணவிடுவதற்குத் தனி இடம் குறிக்கச் சொன்னன. 2025 ஆகஸ்டு 22 அன்று உச்ச நீதிமன்றம், குறிக்கப்பட்ட இடங்களில் மட்டுமே உணவிட வேண்டும் என ஆணையிட்டது. கடற்கரையில் மற்றொரு உயிரும் கணக்கில் வருகிறது. பங்குனி ஆமைகள் முட்டையிடும் மாதங்களில், பயணிகளின் தீனியால் மணற்பரப்பில் பெருகும் நாய்கள் அம்முட்டைகளைத் தோண்டித் தின்கின்றன. நாம் நீட்டும் பிஸ்கட்டின் விலையை ஆமைகளும் கொடுக்க நேர்கிறது.

எயினர் நாய் கொண்டுவந்த உடும்பு, இன்று 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. நாய் நமக்கு உணவு கொண்டுவந்த காலம் முடிந்துவிட்டது. அதன் உணவு முழுவதும் நம் கையில் இருக்கும் காலம் இது. சிறுபாணாற்றுப்படைப் புலவர் குட்டிகளின் மூடிய கண்ணையும் தாயின் வற்றிய முலையையும் அருகிருந்து பார்த்தார். ஒரு பொட்டலத்தைப் பிரிக்கும் முன் அதே கவனத்தோடு நாயின் வாயையும் வயிற்றையும் பார்ப்பது நமக்கு ஒன்றும் பெரிய காரியமல்ல.