கட்டுக்கரை மீனும் மன்னார்க் கடலின் நாட்காட்டியும்

மன்னார் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது கடல். முத்து, சங்கு, கருவாடு, தலைமன்னார்த் துறை, திருக்கேதீச்சரம், மடு மாதா என்று அடுக்கிக்கொண்டு போவோர்கூட அம்மாவட்டத்தின் நன்னீர் மீனைப் பற்றி ஒரு சொல் சொல்வதில்லை. தீவிலிருந்து பாலத்தைக் கடந்து மதவாச்சி வீதியில் முருங்கனை நோக்கிச் செல்பவர்களுக்கு வழியில் ஒரு நீண்ட அணைக்கட்டும், அதன் மேல் ஏறிப் பார்த்தால் மறுகரை தெரியாத நீர்ப்பரப்பும் தென்படும். அதுதான் கட்டுக்கரைக் குளம். ஆங்கிலேயர் இதை 'ஜயன்ட்ஸ் டாங்க்' என்று அழைத்தார்கள். இராட்சதர்கள் கட்டியது என்று ஊரவர் சொன்ன கதையே அப்பெயருக்கு மூலம் என்பர்.

மழையையும் காற்றையும் நிலவையும் பார்த்து மீன்பிடிக்கு நாள் குறிக்கும் வழக்கம் உலகெங்கும் உள்ளது. அமெரிக்காவில் ஜோன் ஆல்டன் நைட் என்பவர் 1926ஆம் ஆண்டில் இதையே ஒரு கோட்பாடாக வகுத்தார். சந்திரன் உச்சியில் நிற்கும் வேளையிலும் அதற்கு நேர் எதிரே கீழே நிற்கும் வேளையிலும் மீன் அதிகமாக இரை தேடும் என்பது அவருடைய வாதம். அதன் அடிப்படையில் அட்டவணைகள் அச்சாகி விற்பனையாயின. தூண்டில்காரர்கள் இன்றும் அவற்றைக் கைபேசியில் பார்க்கிறார்கள். நம்மிடம் இருந்தது அட்டவணை அன்று, அனுபவம். ஒரே கரையில் கடலுக்கு ஒரு நாட்காட்டியும் குளத்துக்கு வேறொரு நாட்காட்டியும் வைத்திருந்த ஊர் என்ற வகையில் மன்னார் தனியாக ஆராயத் தக்கது.

முதலில் குளத்தின் கதை. மல்வத்து ஓயா அநுராதபுரத்தைக் கடந்து வடமேற்கே வந்து, நமது பக்கத்தில் அருவியாறு என்ற பெயருடன் அரிப்புக்கு அருகே கடலில் விழுகிறது. கடலை அடையும் முன் அதை மறித்து, நீரைக் கட்டுக்கரைக்குத் திருப்பும் கல்லணை இருக்கும் இடத்துக்குத் தேக்கம் என்றே பெயர். கி.பி. 5ஆம் நூற்றாண்டில் ஆண்ட தாதுசேனன் கட்டியதாக வம்ச நூல்கள் குறிப்பிடும் குளங்களுள் ஒன்றை இதனோடு அடையாளம் காண்போர் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு இதைத் திருத்தினான் என்றும் கூறுவர். ஆனால் குளத்தையொட்டிய பகுதியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் நடத்திய அகழாய்வுகள், அங்கு அதற்கும் நெடுங்காலம் முன்னரே மக்கள் குடியிருந்து, சுடுமண் உருவங்கள் படைத்து வழிபட்டதைக் காட்டியுள்ளன. குடியிருப்பு இருந்தால் நீரும் இருந்திருக்கும்; நீர் இருந்தால் மீனைப் பற்றி வேறு சான்று தேவையா?

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் குளம் உடைந்து காடாகக் கிடந்தது. 1845இல் இலங்கைக்குக் குடியேற்றச் செயலாளராக வந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் தமது புகழ்பெற்ற நூலில் (1859) இதைப் பற்றி எழுதியபோது, பண்டைய பொறியாளர்கள் மட்டம் பார்ப்பதில் தவறியதால் வாய்க்கால் நீர் குளத்துக்குப் போகாமல் மீண்டும் ஆற்றுக்கே திரும்பிவிட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பின்னர் வந்த நீர்ப்பாசனப் பொறியாளர் ஹென்றி பார்க்கர் இது பிழை என்று நிறுவினார். அந்நூற்றாண்டின் இறுதியில் குளம் புனரமைக்கப்பட்டு நீர் நின்றது. இன்றும் அதே ஆற்று நீர் அதே வழியாக வந்து நூற்றுக்கும் மேற்பட்ட சிறுகுளங்களுக்குப் பகிரப்படுகிறது. பண்டையோருக்கு மட்டம் பார்க்கத் தெரியாது என்று எழுதியவர் நமது மீனைப் பற்றி எழுதியவை மட்டும் பெரும்பாலும் சரியாகவே இருந்தன என்பது வேடிக்கை.

மன்னாரில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலான வாடைக் காலத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடும். அதன்பின் தை, மாசியில் தூறல். சித்திரையில் இடியோடு சிறிது. வைகாசி முதல் புரட்டாசி வரை சோளகம் ஊதி ஊதி நீரை உறிஞ்சிவிடும். கட்டுக்கரையின் பரப்பு பெரிது, ஆழம் குறைவு. ஆகவே மழைக்கும் வறட்சிக்கும் இடையில் அதன் உருவமே மாறிவிடுகிறது. புரட்டாசியில் அலைகரை வெடித்துக் கிடக்க, துருசுக்கு அருகிலுள்ள பள்ளத்தில் கலங்கிய நீர் எஞ்சும். மீன் முழுவதும் அங்குதான். அப்போது வலை தேவையில்லை. இரு பக்கமும் திறந்த, கூம்பு வடிவான கரப்பைச் சேற்றில் குத்தி, மேல்வாயால் கைவிட்டு விராலையும் கெளுத்தியையும் எடுப்பார்கள். இந்தக் கரப்புக் குத்தும் முறையை 1681இல் வெளியான தமது நூலில் றொபேட் நொக்ஸ் வருணித்திருக்கிறார். கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த நொக்ஸ் 1679 ஒக்டோபரில் தப்பி வந்த வழி எது தெரியுமா? இதே மல்வத்து ஓயாவின் கரையைப் பிடித்து நடந்துதான் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். ஐப்பசியின் பெருமழைக்குச் சற்று முன்னர் நடந்தார் என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு மாதம் பிந்தியிருந்தால் அருவியாறு அவருக்கு அவ்வளவு எளிதில் வழிவிட்டிராது.

முதல் மழை விழுந்த இரவு குளத்து மீனவருக்குத் திருவிழா. வாய்க்கால்களில் புதுநீர் ஓடத் தொடங்கியதும் மீன் ஓட்டத்தை எதிர்த்து ஏறுகிறது. முட்டையிட ஆழம் குறைந்த புல்தரை தேடுகிறது. விரால், கெளுத்தி, பனையேறிக் கெண்டை ஆகியவை காற்றைச் சுவாசிக்க வல்லவை. அதனால் நீர் இல்லாத நாலு முழ நிலத்தையும் அவை கடந்துவிடும். மழை பெய்த மறுநாள் வயல் வரம்பில் மீன் துள்ளுவதைக் கண்டு, வானத்திலிருந்து விழுந்தது என்று நம்பியவர்கள் ஐரோப்பியரிலும் இருந்தார்கள். சேற்றில் புதைந்து கிடந்தவை மழைக்கு எழுகின்றனவா, அயல் நீர்நிலைகளிலிருந்து நகர்ந்து வருகின்றனவா என்பதை டெனன்ட் பக்கம் பக்கமாக ஆராய்ந்தார். அவருக்கு அரை நூற்றாண்டுக்கு முன், தரங்கம்பாடியில் இருந்த டென்மார்க் படை அதிகாரி டால்டோர்ஃப், 1791இல் பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்த மீனைக் கண்டதாக இலண்டன் லின்னேயன் சங்கத்துக்கு 1797இல் அறிவித்தார். மேலைநாட்டார் பலர் நம்பவில்லை. 'பனையேறி' என்று பெயர் வைத்திருந்த தமிழனிடம் யாரும் கேட்கவில்லை. (அது உண்மையில் மரத்தின் உச்சி வரை ஏறாது, ஈரம் வழியும் அடிமரத்தில் செவுள் முட்களை ஊன்றிச் சற்று ஏறும். பெயர் வைத்தவர்களுக்குக் கொஞ்சம் கற்பனையும் இருந்தது.)

இனி நிலவு. கடலில் நிலவு இரண்டு வேலை செய்கிறது, குளத்தில் ஒன்றுதான். கடலில் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி ஏற்ற இறக்கம் பெருகும். மன்னாரில் அது உயரத்தில் ஒரு மீற்றர்கூட வராது. ஆயினும் பாக்கு நீரிணைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் இடையில் ஆதாம் பாலத்தின் மணல்திட்டுகளூடே அந்த நீர் போய்வர வேண்டியிருப்பதால் ஓட்டம் கடுமையாகும். நீர் கலங்கும், வலை இழுபடும். அட்டமியை ஒட்டிய நாட்களில் ஓட்டம் தளர்ந்து நீர் தெளியும். சங்கும் கடலட்டையும் குளிப்பவர்களுக்கு அதுவே தோதான நாள். இத்தகைய கணக்கு எதுவும் குளத்துக்குப் பொருந்தாது. கட்டுக்கரையில் வற்றும் இல்லை, பெருக்கும் இல்லை. அங்கு நிலவு என்றால் வெளிச்சம் மட்டுமே. முழுநிலவில் தெளிந்த நீரில் மீன் வலையைக் கண்டு ஒதுங்கிவிடும். கருக்கல் இரவில் மாட்டிக்கொள்ளும். அதே குளம் வாடை மழையில் கலங்கியிருந்தால் பௌர்ணமியும் அமாவாசையும் ஒன்றே. நைட் என்பாரின் அட்டவணையை இதனால்தான் நான் பெரிதாக மதிப்பதில்லை. நியூயோர்க் ஏரிக்கும் முருங்கன் குளத்துக்கும் ஒரே நாழிகை சொல்லும் அட்டவணை, நீரின் நிறத்தைக் கேட்பதே இல்லை.

புயலும் பிறை பார்ப்பதில்லை. 1964 டிசம்பர் 22, 23 ஆகிய நாட்களில் தனுஷ்கோடியை அழித்து, மன்னார்க் கரையையும் சின்னாபின்னமாக்கிய சூறாவளி வந்தபோது பௌர்ணமி கழிந்து சில நாட்களே ஆகியிருந்தன.

காற்றைக் கணக்கிட்டு அறுவடைக்கு நாள் குறிப்பதில் மன்னார்க் கரை கண்ட உச்சம் முத்துக்குளிப்பு. வாடை அடங்கி, சோளகம் எழும் முன் கடல் தூங்கும் மாசி இறுதி முதல் சித்திரை வரையிலான சில வாரங்களே அதற்கு வாய்த்தவை. அந்த வாரங்களுக்குள்ளும் நாளின் நேரத்தைக் காற்றே பங்கிட்டது. நள்ளிரவை ஒட்டிப் பீரங்கி முழங்க, நிலக்காற்றில் படகுகள் அரிப்பிலிருந்தும் சிலாவத்துறையிலிருந்தும் புறப்படும். விடியும்போது பாரில் நிற்கும். நண்பகலில் கடற்காற்று எழுந்ததும் குளிப்பு நிறுத்தப்பட்டு, அதே காற்றில் பாய் விரித்துக் கரை திரும்பும். சுறாவை வாய்கட்டும் மந்திரவாதி கரையில் இராவிட்டால் குளியாளர் கடலில் இறங்க மாட்டார்கள். ஆங்கிலேய அரசு அவருக்கும் கூலி கொடுத்தது! 1905இல் மட்டும் சுமார் 8 கோடி சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்கு 25 இலட்சம் ரூபா கிடைத்தது. அடுத்த ஆண்டு ஒரு கம்பனி ஆண்டுக்கு 310,000 ரூபா வீதம் 20 ஆண்டுக் குத்தகை எடுத்தது. 1907க்குப் பின் பாரில் சிப்பி இல்லை. 1912இல் கம்பனி கலைக்கப்பட்டது. காற்றுக்குக் கணக்கு இருந்தது, சிப்பிக்கு இருக்கவில்லை.

கட்டுக்கரைக்குத் திரும்புவோம். 1952இல் ஆபிரிக்க மீனான திலாப்பியா இலங்கைக் குளங்களில் விடப்பட்டது. அது இங்கு வந்த பின் குளத்து நாட்காட்டியே மாறியது. விரால் போல் மழைக்குக் காத்திராமல், ஆண்டில் பலமுறை, கரையோர ஆழமற்ற மணலில் குழி பறித்துக் கூடு கட்டும் மீன் அது. குளநீர் திடீரென இறங்கினால் கூடு வெளியில் தெரியும். தலைமுறை ஒன்று போயிற்று. ஆகவே குளத்து மீனவருக்கு இப்போது வானிலையைவிட முக்கியமானது, துருசு எப்போது திறக்கப்படும் என்பது. அதைத் தீர்மானிப்பது போகந்தோறும் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டம். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர், எத்தனை தவணை நீர் என்று கமக்காரரும் நீர்ப்பாசன அதிகாரிகளும் பேசி முடிக்கிறார்கள். நெல் முதன்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அடிநீரில் எவ்வளவு விட்டுவைப்பது என்ற கேள்வியில் வலைக்காரனின் குரலுக்கும் நெற்காரனின் குரலுக்குச் சமமான இடம் வேண்டும். பத்திரிகைகளில் நாங்களும் 'சிறுபோகத்துக்கு நீர் திறப்பு' என்று தலைப்பிட்டோமே தவிர, அந்நீரில் இருந்த மீனைச் செய்தியாகக் கருதியதில்லை.

1990இல் பிரேமதாச அரசு நன்னீர் மீன்பிடிக்கான அரச ஆதரவை நிறுத்தியது. உயிர்க்கொலைக்கு அரசு துணைபோகலாகாது என்ற பௌத்த சமயக் கருத்தே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. குஞ்சு விடும் பணி நின்றது. 1994இல் அது மீண்டும் தொடங்கியது. 1999இல் இதற்கெனத் தேசிய நீருயிரின வளர்ப்பு அதிகார சபை அமைந்தது. மழைக்குப் பின் சிறுகுளங்களில் கட்லா, ரோகு குஞ்சுகளை விட்டு, ஆவணி, புரட்டாசியில் நீர் வற்றும்போது அறுவடை செய்யும் முறை நாடெங்கும் பரவியது. பார்க்கப் போனால் கரப்புக் குத்தியவனின் பழைய நாட்காட்டிதான் அது. குஞ்சு மட்டும் அரசினுடையது. ஆனால் மன்னாருக்கு 1990 இன்னும் கொடிய ஆண்டு. ஜூனில் போர் மீண்டும் மூண்டது. ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். முசலியிலும் எருக்கலம்பிட்டியிலும் தலைமுறைகளாகக் கடலையும் குளத்தையும் அறிந்தவர்கள் புத்தளத்து அகதி முகாம்களில் முடங்கினார்கள். எஞ்சியோருக்குக் கடலில் நேரக் கட்டுப்பாடு, இயந்திரக் கட்டுப்பாடு, தூரக் கட்டுப்பாடு. இரவில் போக அனுமதி இல்லாதவனுக்கு அமாவாசை எதற்கு? 2008இல் அடம்பனைச் சுற்றிய நெல்வயல்கள் போர்க்களமாயின.

2009க்குப் பின் கடல் திறந்தது. திறந்த கடலில் புதியதொரு நாட்காட்டி காத்திருந்தது. தமிழகத்தில் இழுவைப் படகுகளுக்கும் நாட்டுப் படகுகளுக்கும் இடையே மோதல் எழுந்ததால், வாரத்தில் மூன்று நாள் இழுவைப் படகுக்கு, நான்கு நாள் நாட்டுப் படகுக்கு என்று பாக்கு நீரிணையில் பங்கிட்டிருந்தார்கள். இராமேஸ்வரத்தில் பிறந்த அந்த ஏற்பாடு பேசாலை மீனவனின் வாரத்தையும் வகுத்துவிட்டது. திங்கள், புதன், சனி இரவுகளில் இழுவைப் படகுகள் எல்லை தாண்டி வரும் என்று தெரிந்து, வலை அறுபடும் அச்சத்தில் இங்குள்ளோர் கரையில் இருந்துவிடுகிறார்கள். 2017இல் இலங்கை இழுவை மடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. படகுகள் பிடிபடுகின்றன, விடுவிக்கப்படுகின்றன, மீண்டும் வருகின்றன. கருக்கல் இரவாக இருந்து, காற்றும் அடங்கி, அன்று திங்கட்கிழமையாகவும் இருந்துவிட்டால் பிறையைப் பார்த்துப் பயனில்லை.

ஆண்டில் ஒருமுறை ஓய்வு உண்டு. தமிழக அரசு 2001 முதல் 45 நாட்களும், 2017 முதல் 61 நாட்களுமாக இழுவைப் படகுகளுக்கு இனப்பெருக்ககாலத் தடை விதிக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. பேசாலைக்கும் தலைமன்னாருக்கும் அச்சமின்றி இரவில் வலை விடக் கிடைக்கும் நாட்கள் அவை. அவற்றில் முதல் மாதமே கடல் அமைதியானது. வைகாசி பிறந்ததும் சோளகம் எழுந்துவிடுகிறது.